பம்பாய்க்குத் திரும்பிய பிளாக்

யுத்த காலத்தில் சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் மானேஜர். சுற்றுவட்டாரத்தில் புகைப்படம் போட்டு வந்த பத்திரிகை அது ஒன்றுதான். அந்த ஏற்பாடு என்னுடையது. சொந்தமாகப் படம் எடுக்க வசதியில்லை. பம்பாயில் ஒரு கம்பெனியிடம் உரிமை வாங்கினேன். மரக்கட்டைமேல் துத்தநாகத் தகடு அடித்த பிளாக்குகள் ரயிலில் வரும். ஒப்பந்தம் முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். படம் எங்கே, எப்போது எடுத்தது என்று அவர்கள் சொல்வதில்லை. நாங்களும் கேட்டதில்லை. யுத்தச் செய்திக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் இருந்தால் போதும்.

அப்படி ஒரு படம் வந்த வாரம், எருமப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி ஆபீசுக்கு வந்தார். மடித்த பத்திரிகையை மேஜைமேல் விரித்து, லாரியில் உட்கார்ந்திருந்த சிப்பாய்களில் ஒருவன்மேல் விரலை வைத்தார்.

"இது என்ற பையனுங்க. மலாயாவுக்குப் போனவன். சிங்கப்பூர் ஜப்பான்காரங்கிட்ட உளுந்ததுக்கப்புறம் கடுதாசியே இல்லீங்க."

முகம் பாதி நிழலில் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையைத் திருப்பித் தன் வலது காதைக் காட்டினார். மடல் வெளியே விரிந்திருந்தது.

"இதையும் அதையும் பாருங்க சாமி. எங்க ஊட்டுல அவ இந்தக் காதச் சொல்லித்தான் என்னையும் வைவா, அவனையும் வைவா."

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"கிட்டப் போனா ஆளக் காணோமுங்க. புள்ளிதான் இருக்குது."

அச்சில் படமே புள்ளிகள்தான் என்றேன். அச்சுக் கோப்பவர் தலை நிமிராமல், "எங்க மானேஜர் வாங்கின படத்த எட்ட நின்னுதான் பாக்கணும்" என்றார். விவசாயியும் சிரித்துவிட்டு என்னைக் கேட்டார்:

"இது இப்ப எடுத்ததுதானுங்களே?"

"தெரியாதுங்க."

"பேப்பரு இந்த வாரத்துதுங்களே?"

பம்பாய்க்கு எழுதிக் கேட்டேன். படத்துக்கு நம்பர் மட்டுமே உண்டு, வேறு விவரம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த முறை வந்தபோது அவரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"படம் பாத்ததுல இருந்துதான் அவனாத்தா சோறு திங்கறாளுங்க. இன்னொருக்கா போடுங்க."

போட்டேன். காகிதக் கட்டுப்பாட்டில் கிடைத்த மட்டமான தாளில் மை ஊறி, காது நிழலோடு சேர்ந்துவிட்டது. அவர் ஒரு பிரதி வாங்கிப் பார்த்தார். "வெயில்ல கறுத்துட்டானுங்க" என்றார்.

ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க முதலாளிக்கு விருப்பமில்லை. அந்த ஒரு பிளாக்கை மட்டும் விலைக்குக் கேட்டேன். தனியாக விற்பதில்லை என்றார்கள். எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அன்று அவர் வந்தார். பையனைப் பார்க்க வேண்டும் என்றார். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக்கொண்டார்.

"இந்தக் காது இடது பக்கத்துலயில்ல இருக்குதுங்க?"

பிளாக்கில் எல்லாமே இடம் மாறித்தான் இருக்கும், தாளில் விழும்போது சரியாகிவிடும் என்று விளக்கினேன். தலையாட்டினார்.

"அப்ப இது அவந்தானுங்களா?"

பிளாக்கை அவரே வைக்கோலுக்குள் வைத்தார். மூடிக்கு ஆணி அறைந்துவிட்டுக் கயிற்றைச் சுற்றினேன். முடிச்சுப் போடும்போது கயிறு நழுவாமலிருக்க அவர் விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.