இருட்டில் வாசித்த பலகை

போன கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கொழும்புக்குப் போகப் புத்தளம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். வந்து நின்ற பஸ்ஸின் உச்சியில் ஊரின் பெயர் சிவப்பு விளக்கெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். என் மகள் மூன்றையும் சத்தமாக வாசித்துவிட்டு, ஏறிப்போய் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். ஸ்காஃப் போடுவதில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் வரைக்கும் அந்த விடியற்காலை பஸ்களின் பெயர்ப்பலகைக்கு வெளிச்சமே கிடையாது. முன்கண்ணாடிக்குள் சிங்களத்தில் மட்டும் எழுதிய ஒரு பலகையைச் சாத்தி வைத்திருப்பார்கள். பற்றரி இறங்கிவிடும் என்று டிரைவர் உள்லைட்டையும் போடமாட்டார். டீசல் புகைக்கும் களப்பு உப்புக் காற்றுக்கும் நடுவில் பஸ் நிற்பது தெரியும், அது எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. அதனால் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். கோட்டுப் போட்ட லோயரும் கேட்பார், மீன் பெட்டியோடு வந்தவரும் கேட்பார். யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அந்த இருட்டில் யாருக்கும் விளங்காது.

ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அந்த நேரம்தான் பேக்கரியிலிருந்து சூடாகப் பாண் வந்திறங்கும். பாண் வாசம் என்றால் எனக்கு வாப்பா ஞாபகம். தில்லையடியிலிருந்து சைக்கிள் கரியரில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பும்போது ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு போவார். யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை எல்லாம் துரத்தியபோது நான் கைக்குழந்தை. இங்கே வந்தபிறகு வாப்பாவுக்குச் சிங்களம் பேச வந்தது, வாசிக்க வரவில்லை. மகளுக்கு வரும் என்று நம்பினார். ஏழெட்டு மாதம் நான் ஒரு சிங்கள வகுப்புக்குப் போனதுதான் காரணம். போனேன், ஆனால் பாதி நாள் கூட்டாளிகளோடு கதைதான். வாப்பாவோ காண்கிறவர்களிடமெல்லாம், "மகளுக்கு மூணு பாஷையும் வாசிக்க ஏலும்" என்பார். நான் திருத்தியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு சிலாபத்தில் ஒரு பாலர் பாடசாலையில் தமிழ் வகுப்புக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலை. இதிலுள்ள பகிடியை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

முதல் நாள். ஸ்டாண்டில் ஒரு பஸ் ஸ்டார்ட்டில் நின்றது. வாப்பா வழக்கம்போல யாரையோ கேட்க வாயெடுத்தார். பக்கத்தில் என் வயதுப் பொடியன்கள் நின்றதால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "கேக்காதீங்க வாப்பா, போர்ட்ல இருக்குதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். முதல் எழுத்து இருட்டுக்குள் மறைந்திருந்தது. நடுவில் லகரமும் வகரமும் மட்டும் பிடிபட்டன. சிலாபத்துக்குச் சிங்களத்தில் ஹலாவத்த என்று பெயர். அதற்குள்ளும் ஒரு லகரமும் வகரமும் உண்டு. "ஹலாவத்த" என்று வாப்பாவுக்குக் கேட்கும்படி வாசித்தேன். வாப்பா பக்கத்தில் நின்றவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பஸ் நிறையப் பெண்கள், குளிருக்குத் தலையை மூடியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் என்று நினைத்து நடுவில் போய் உட்கார்ந்தேன். பாலாவிச் சந்தி வரைக்கும் சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் ஒரே பாதை. சந்தியில் பஸ் கற்பிட்டிப் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து யாரோ செபமாலையைத் தொடங்க, பஸ் முழுக்கச் சேர்ந்து சொன்னது. அந்தப் பக்கத்துத் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு விட்ட விசேட பஸ் அது. தலவில என்ற பெயரிலும் நடுவில் இருப்பது லகரமும் வகரமும்தான்.

உடனே இறங்கியிருக்கலாமே என்பீர்கள். இறங்குவதென்றால் ஏன் ஏறினேன் என்று சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்வதைவிட வேலை போனாலும் பரவாயில்லை என்று பட்டது. அவ்வளவு வெட்கம். கண்டக்டர் வந்ததும், அதற்கென்றே ஏறியவள் மாதிரி, "தலவிலக்கு ஒண்டு" என்றேன்.

பக்கத்திலிருந்த அம்மா மன்னாரிலிருந்து வந்தவர். "நேத்திக்கடனுக்கோ பிள்ளை?" என்றார்.

"ஓம்."

"என்ன நேத்தி?"

"வேலை ஒண்டு நிலைக்கோணும்."

"கட்டாயம் நிலைக்கும்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

தலவில மணலில் நின்றுகொண்டு தலைமை டீச்சருக்குப் போன் எடுத்தேன். பஸ் பழுது என்றேன். "நாளைக்கு மணி அடிக்கக்குள்ள நிக்கோணும். இல்லாட்டி வேற ஆளப் போடுவன்" என்று வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதே பஸ் பழுதை வாப்பாவிடமும் சொன்னேன். "சரி மகள்" என்றுவிட்டுச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டார்.

அடுத்த நாளும் ஸ்டாண்டில் ஒரு பஸ் இருட்டுக்குள் நின்றது. அன்றைக்கும் பிழைத்தால் வேலை இல்லை. யாரையாவது கேட்டால் வாப்பாவின் பெருமை போய்விடும். வாப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் போய், "தம்பி, எனக்கு இப்ப கண் வெளங்குதில்ல. இது எங்க போற பஸ்?" என்றார்.

அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பொடியன் ஒருவன், "மகளுக்கு மூணு பாஷை எண்டீங்களே நானா, அவவக் கேக்கலாமே" என்றான்.

"அவ சொல்லுவா. கண் தெரியாதவனுக்கு நாலு பேரட்டக் கேட்டாத்தான் மனசு ஆறும்" என்றார் வாப்பா.

மணியடிக்க முன்னமே போய்ச் சேர்ந்தேன், வேலையும் நிலைத்தது. அந்த வருடத்துக்குள் பாடசாலையின் சிங்கள வகுப்புக் குழந்தைகளோடு குந்தியிருந்து எழுத்தை ஒழுங்காகப் படித்தும்விட்டேன். வாப்பாவிடம் சொல்லவில்லை. இப்போது வாசிக்க வரும் என்று சொல்வதென்றால், அன்றைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டுமே. அதனால் அவர் ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டே இருந்தார். பலகையை வாசித்துத் தெரிந்துகொண்டு, தெரியாதவள் மாதிரிப் பின்னால் நின்றேன்.

வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகுதான் உம்மா சொன்னார். அந்த முதல் நாள் பஸ் நகர்ந்த பிறகு கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "தலவில, தலவில" என்று கத்தினானாம். வாப்பா பாலாவி வரைக்கும் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தாராம்.

அந்த இருட்டும் இல்லை, ஆளுக்கு ஆள் கேட்பதும் இல்லை, வாப்பாவும் இல்லை. ஸ்டாண்டில் அவருக்குக் கண் தெரியாத நானா என்றே பெயர் விழுந்திருந்தது. அவர் தையல்காரர். கடைசி வரைக்கும் கண்ணாடி போடாமல்தான் ஊசியில் நூல் கோர்த்தார்.