கூறைப்புடவையின் மறுதலைப்பு

சின்னராஜுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் பெண் கிடைத்தது. பஸ் கண்டக்டர் என்றதும் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிய வீடுகள் உண்டு. பரமத்தி வேலூருக்கும் நாமக்கல்லுக்கும் நாளெல்லாம் போய்வருகிறவனுக்கு, வழியிலிருக்கும் ஊர்களில் எல்லாம் அவனை வேண்டாமென்ற வீடு ஒன்று இருந்தது. போகட்டும், கடைசியில் மதுமதி என்றொருத்தி சரியென்றுவிட்டாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இணைச்சீருக்கு ஆளில்லை. தாலி கட்டுவதற்கு முன் கூறைப்புடவையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையும் மறுதலைப்பை அவனோடு பிறந்தவளும் பிடித்து நிற்கிற சீர் அது. இவனோ ஒற்றைப் பிள்ளை. சித்தப்பன் மகள் இருக்கிறாள். கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. அவள் காலில் விழுந்தாவது கூட்டி வா என்று அம்மா ஆத்தாயி தினமும் அரித்தாள். விழ இவனுக்கு மனமில்லை.

அப்போதெல்லாம் உஷாராணிதான் நினைவுக்கு வருவாள். மல்லசமுத்திரத்தில் இருந்தபோது அடுத்த வீடு. ஒரே சுவர், குலத்திலும் ஒரே கூட்டம். கூட்டம் ஒன்றானால் அண்ணன் தங்கை, அக்கா தம்பி முறைதான். இந்த வீட்டுக் குழம்பு அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுப் பணியாரம் இங்கே வரும். பிள்ளைகள் கல்யாண விளையாட்டு விளையாடினால் இணைச்சீர்க்காரி அவள்தான். பழைய சேலையின் தலைப்பை வெடுக்கென்று இழுத்துவிடுவாள், பொல்லாதவள். மாப்பிள்ளையாக நின்ற சின்னராஜ் குப்புற விழுந்து முன்பல் முனை உடைந்தது அப்படித்தான். அவள் அப்பா வீட்டை விற்றுக்கொண்டு போனதோடு சரி, எங்கே என்று தெரியாது.

ஒருநாள் வேலூரில் வெற்றிலைக் கூடையோடு ஏறிய அம்மாளிடம் டிக்கெட் கொடுத்துவிட்டு, யாரோ சொன்னதற்குச் சிரித்தான். அந்த அம்மாள் அவன் வாயையே பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க ஆத்தாயி பையன் சின்னராசுங்களா? அந்தப் பல்லு நா ஒடச்சதுங்க."

அவன் அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊதக்கூட மறந்து, கல்யாணத்தைச் சொல்லி, இணைச்சீருக்கு நீங்கதான் அக்கா என்று ஒரே மூச்சில் முடித்தான். அவள் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. அப்புறம்தான் அவள் நெற்றியைப் பார்த்தான். திருநீறு மட்டும் இருந்தது.

"நா நிக்கற எடமில்ல சாமி அது. ஊட்டுக்காரரு போயிட்டாருங்க. நாலு பேரு பேசுவாங்க."

"அந்த நாலு பேருதான் இத்தன வருசம் எனக்குப் பொண்ணு பாத்தாங்களாக்கா? தலப்பப் புடிக்கக் கைதானுங்க வேணும்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் இறங்கிப் போனாள்.

வீட்டில் ஆத்தாயி, தாலியறுத்தவளா சீர் செய்வது என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். யாரென்று கேட்டாள். பேரைக் கேட்டதும் அடங்கிவிட்டாள்; அந்தப் பிள்ளைக்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்த கை இவளுடையதுதானே. மறுநாள் அவளே வேலூருக்குப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, பாக்கு வெற்றிலை வைத்து அழைத்தாள். மதுமதி வீட்டில் கேட்டபோது, எனக்கு நாத்தனார் வேண்டும் என்று மதுமதி சொன்னாளாம்.

கல்யாணத்தன்று உஷாராணி வந்தாள், ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். இணைச்சீர் நேரம் வந்து மேளம் நின்றது. ஆத்தாயி போய்க் கையைப் பிடித்து எழுப்பி வந்தாள். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உஷாராணி மறுதலைப்பை வாங்கிக்கொண்டாள். ஒரு தலைப்பைப் பிடித்திருந்த சின்னராஜ் பல் தெரியச் சிரித்தான்.

அவள் வெடுக்கென்று ஓர் இழு இழுத்தாள்.