முப்பத்தொன்பது காலி டிஸ்க்குகள்

புள்ளியியல் துறையில் எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா. அறுபதை நெருங்கும் துறைத்தலைவருக்கும் அக்காதான். ஏழு வருடமாகத் துறையின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள். "அங்க உனக்கு அப்படி என்னதான் வேலை?" என்று நாத்தனார் கேட்டால், "எல்லாம் ஓடுதான்னு பாக்குற வேலை" என்பாள். ஓடும்வரை யாரும் அவளைத் தேட மாட்டார்கள். அதுவும் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

இந்த வருடம் முதுகலை மாணவர்கள் முப்பத்தொன்பது பேர். ஒருவர் லேப்டாப்பில் ஓடுகிற நிரல் இன்னொருவருடையதில் முரண்டு பிடிக்கும். சலித்துப்போனவள், எல்லோருக்கும் பொதுவாக, நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க ஒரு நோட்புக் சர்வரை கன்டெய்னர் தளத்தில் ஏற்றினாள். பிரௌசரில் நுழைந்தால் தனிக் கணினி மாதிரி ஆளுக்கொரு கன்டெய்னர் கிளம்பும், அதோடு ஆளுக்கொரு டிஸ்க் இணையும். கன்டெய்னர் நின்றால் அதற்குள் எழுதியது அழிந்துவிடும், டிஸ்க்கில் எழுதியது இருக்கும். தன் பெயரில் நுழைந்து, எழுதி, நிறுத்தி, மறுபடி திறந்து பத்து முறை சோதித்தாள். எழுதியது பத்திரமாக இருந்தது. மாணவர்கள் மூன்று வாரமாக இறுதி ஆய்வையே அதில்தான் செய்தார்கள். நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

காலை பத்து மணிக்குத் தளத்தைப் பராமரிப்பவரிடமிருந்து தகவல் வந்தது: இன்று நான்கு மணிக்கு எல்லா கன்டெய்னரையும் நிறுத்தி மறுபடி கிளப்புவோம். எதற்கும் இருக்கட்டும் என்று டிஸ்க்குகளைப் பார்த்தாள். நாற்பதில் ஒன்றில்தான் ஏதோ இருந்தது. அது அவளுடையது.

அமைப்புக் கோப்பைத் திறந்தாள். டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்ற வரியில், நுழைபவர் பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் பெயரே இருந்தது. சோதனைக்காக எழுதியதை மாற்ற மறந்திருக்கிறாள். மற்றவர்கள் எழுதிய ஃபோல்டரில் டிஸ்க் இணையவே இல்லை, அவர்கள் உழைப்பெல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே கிடந்தது. பிரௌசரை மூடினாலும் கன்டெய்னர் ஓடும், ஆகவே யாரும் எதையும் இதுவரை இழக்கவில்லை. தன் பெயரில் பத்து முறை சோதித்த கெட்டிக்காரிக்கு, வேறொரு பெயரில் ஒரு முறை நுழைந்து பார்க்கத் தோன்றவில்லை.

பராமரிப்பவருக்குப் போன் போட்டாள். "சார், ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடணும்."

"என்ன விஷயம்?"

பூசி மெழுகியிருக்கலாம். "தப்பு என்னோடது. டிஸ்க்க சரியா மாட்டல."

"நீங்களேவா? சரி, ஆறு மணி. அதுக்கு மேல என்னால முடியாது."

துறைத்தலைவரிடமும் ஒப்புக்கொண்டாள். மாணவர்களிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் வெட்கமாக இருந்தது. சாப்பிடக்கூடப் போகாமல், ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து, திறந்து சரிபார்த்து வந்தாள். ஐந்தரைக்கு எண்ணினாள். முப்பத்தெட்டு. பட்டியலில் இல்லாத பெயர், வங்கி வேலைக்கு விடுப்புப் போட்டுப் படிக்க வந்தவளுடையது. இரண்டு பிள்ளைகள், வீட்டில் கணினி கிடையாது.

சர்வர் அக்கா லேபுக்கு ஓடினாள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன்க்கா, எல்லாருக்கும் முன்னாடியே. நாளைக்கு டவுன்லோட் பண்ணிக் குடுக்க வேண்டியதுதான். என்னோட கன்டெய்னர் சும்மா ஓடிட்டிருந்தா உங்க சர்வருக்குப் பாரமேன்னு மத்தியானமே நிறுத்திட்டேன்."

மத்தியானம். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சர்வர் அக்காவுக்கு எல்லாம் தெரியும்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"பைய கீழ வைங்க," என்றாள். "உங்க வேலை போயிடுச்சு. காலையிலயே சொல்லியிருந்தா போயிருக்காது. நான் சொல்லல."