பலா மரத்துக்காகக் கெஞ்ச ஓர் ஆள்

எங்கள் வீட்டுப் பலா மரம் காய்ப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்த்த வரைக்கும் அது எங்கள் வீட்டில் ஒருத்தராக இருந்தது. நின்றதும் என் வீட்டுக்காரருக்கு அது வெறும் மரமாகிவிட்டது. அவர் காப்பி எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை வாங்குகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பிச் செடிக்கு மேலே எவ்வளவு நிழல் இருக்கலாம், எந்தக் கிளையை எப்போது கழிக்கலாம் என்று காலமெல்லாம் அடுத்தவர் மரங்களைப் பற்றியே யோசித்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு யோசிக்க அவருக்கு மிஞ்சியது இந்த ஒரு மரம்தான். காலையில் காப்பி டம்ளரோடு அதன் கீழே நின்று, வேலைக்கு மட்டம் போட்ட ஆளைப் பார்ப்பது போல அதை மேலும் கீழும் பார்ப்பார்.

"ஊட்டு மேல சாஞ்சா ஓடு ஒண்ணு மிஞ்சாது. மழைக்கு முந்தி எடுத்துப்போடோணும்" என்பார்.

"உங்க தலையில சாஞ்சா நான் நிம்மதியா இருப்பனுங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த மரத்தின் மேல் எனக்கு இருந்தது வெறும் பிடிவாதம் இல்லை, பிரியம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலறை ஜன்னலில் தெரிவது அதுதான். அது போய்விட்டால் அந்த ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்காவின் முகம்தான் தெரியும். அதை நினைத்தாலே எனக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

அக்கா தலைச்சோலை என்ற ஊரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகன் குடும்பத்தோடு திருப்பூரில். எங்கள் மரத்தின் பெரிய கிளை ஒன்று வேலியைத் தாண்டி, அவர் மிளகு காயப்போடும் வாசலுக்கு மேலே நீண்டிருந்தது. விழுகிற இலைகளைக் கூட்டி வேலிக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்.

"ஏனுங்க, மரம் வெச்சவங்க எலையையும் புடிச்சு வெச்சுக்கோணுமுங்க. கூட்டிக் கூட்டி எனக்கு நொம்ப இடுப்பு வலிங்க."

"எலைக்குக் கவுறா கட்ட முடியுங்க அக்கா?"

"கட்டுங்க, ஆரு வேண்டாம்னா?"

அவர் என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் 'ஏனுங்க'தான். கோபத்தில் இருக்கும்போது எங்கள் ஊர்ப்பக்கத்து 'ங்க' மரியாதையைப் போலக் குத்துவது வேறெதுவும் இல்லை.

சண்டை என்றால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. எஸ்டேட்டில் அத்தனை பேரை வேலை வாங்கியவர், அக்காவின் குரல் கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். எல்லாம் அடங்கியதும் வெளியே வந்து, "அந்தம்மா சொல்றதும் நாயந்தான? காய்ப்பும் இல்ல, எடுத்துப்போடலாம்" என்பார். இந்த வருடம் மழைக்கு முன்னால் மரம் வெட்டும் ஆட்களுக்குச் சொல்லிவிடுவதாக முடிவே செய்துவிட்டார். காய்க்கிற மரம் என்றால் பழத்தைக் காட்டி இரண்டு பேர் வாயையும் அடைத்திருப்பேன். வெறும் இலையைக் காட்டி யார் வாயை அடைப்பது? மரம் பிழைக்க வேண்டுமானால் அது காய்த்தாக வேண்டும், அல்லது காய்க்கிற எண்ணமாவது இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த சீசனில் ஆசையை அடக்க முடியாமல் கடைவீதியில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு பலாப்பழத்தைக் காசு கொடுத்து வாங்குவது எத்தனை கேவலம் என்பது அப்படி வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். பழைய சேலையில் சுற்றி, அக்கா கண்ணில் படாமல் பின்பக்கமாக உள்ளே கொண்டுபோனேன். சேலையில் சுற்றினால் பழம் மறையும், வாசம் மறையுமா? கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, நானும் அவரும் திருடிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டே தின்று தீர்த்தோம்.

வைத்தியம் சொன்னது அந்தப் பழத்தை விற்ற அம்மாதான். "மரத்துக்கு ரோசம் வரோணுமுங்க. பழைய செருப்பும் வெளக்கமாறும் கட்டிப் பாருங்க. அதுக்கும் அசையலீன்னா கோடாலிய எடுத்துட்டுப் போயி ஒருத்தரு வெட்டறேன்னு நிக்கோணும், இன்னொருத்தரு வேண்டாமுங்கன்னு கெஞ்சோணும். ஆனா கெஞ்சறவங்க வெளியாளா இருக்கோணுமுங்க. ஊட்டாளே கெஞ்சுனா மரம் நம்பாதுங்க."

முதல் வைத்தியத்தை அன்று சாயங்காலமே செய்தேன். "அது இன்னும் நல்லாத்தான இருக்குது" என்று அவர் பின்னாலேயே வந்து புலம்பினாலும், அவருடைய பழைய செருப்பைப் பறித்து விளக்குமாற்றோடு சேர்த்துக் கட்டினேன். கைக்கு எட்டியது வேலிக்கு மேலே போகிற அந்தக் கிளைதான். மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வந்த அக்காவின் தலைக்கு நேராக இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"எலை உழுகுதுன்னு சொன்னதுக்கு எனக்குச் செருப்புங்களா? நான் அப்புடி என்னுங்க பண்ணிப்போட்டேன்?"

அது தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

ஓடிப்போய் அவிழ்த்தேன். "உங்களுக்கு இல்லீங்க அக்கா, மரத்துக்குங்க" என்றேன். மரத்துக்கு எதற்குச் செருப்பு என்று கேட்டார். ரோசம் வருவதற்கு என்றேன். ரோசம் இப்போது தனக்குத்தான் வந்திருக்கிறது என்றார். கடைசியில் பழக்கார அம்மா சொன்னதை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. வாய் நீண்டவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாதே! கோடாரி வைத்தியத்தையும் சொன்னேன், கெஞ்சுவதற்கு வெளியாள் வேண்டும் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் புரிந்தது, அந்த வேலிக்குப் பக்கத்தில் எனக்கு இருக்கிற ஒரே வெளியாள் என் முன்னாலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார் என்று.

"நீங்களே வந்து கெஞ்சறீங்களா அக்கா?"

"வெட்டச் சொல்றதே நானு. நானே வந்து கெஞ்சோணுங்களா?" என்றவர், எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, வாரனுங்க. ரைட்டரு தம்பி கோடாலி தூக்கறத நான் பாக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விறகு பிளக்கும் கோடாரியோடு மரத்தடிக்கு வந்தார். முதலில் வெட்கப்பட்டு நெளிந்தார். "என்னத்தப் பேசறது?" என்று என்னிடம் கேட்டார். ஆனால் ஒரு வாக்கியம் பேசியதும் பழைய ரைட்டர் உள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எரு வெச்சாச்சு, மண்ணு அணைச்சாச்சு, கரையானுக்கு மருந்து அடிச்சாச்சு! வேலை செய்யறியா நீ? கேட்டா எலையை உலுத்தற! ஆரை ஏமாத்தப் பாக்கற? இன்னிக்கோட உன்ற பேர அடிச்சுடறேன் பாரு!"

குரல் ஏறிக்கொண்டே போனது. கோடாரியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அவருக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது அக்காவின் முறை. திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

"அக்கா, இப்பச் சொல்லோணுமுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"வெட்டட்டும் உடுங்க."

வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது. வெட்டவும் முடியாது, இறக்கவும் முடியாது. "வெளையாடாதீங்க அக்கா, நொம்பக் கனமா இருக்குதுங்க" என்றார்.

அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு, "காய்ச்சுட்டு இருந்தப்பவும் எலை உழுந்துதுங்க. அப்ப நான் எதாச்சும் சொன்னனுங்களா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. அப்போதெல்லாம் முதல் பழத்தை அறுத்ததும் பாதியை வேலிக்கு மேலே நீட்டுவேன். பாத்திரத்தை அவர் வெறுமனே திருப்பித் தந்ததில்லை, அவரைக்காயோ ஒரு பிடி மிளகோ இருக்கும். அங்கேயே நின்று, அடுப்பில் சோறு குழைந்துபோகிற வரைக்கும் பேசுவோம். காய்ப்பு நின்ற பிறகு நான் வேலிப் பக்கம் போனது சண்டைக்கு மட்டும்தான்.

"ரெண்டு வருசமா உங்க ஊட்டுல இருந்து எனக்கு எலை மட்டுந்தானுங்க வருது" என்றார் அக்கா. "அன்னிக்கு ஒரு நா வாசம் வந்துது. அதோட செரி."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் தின்ற பழத்தின் வாசம் அது.

"நான் கையை எறக்கிக்கலாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருங்க தம்பி, கெஞ்சாம எறக்குனா மரம் நம்பாது" என்று அக்கா முன்னால் வந்தார். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "வேண்டாமுங்க, வெட்டாதீங்க. இந்தத் தடவை உட்டுடுங்க. அடுத்த வருசம் காய்க்குமுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "காய்க்கலீன்னாலும் இருந்துட்டுப் போகுதுங்க."

கடைசியாகச் சொன்னது பழக்கார அம்மாவின் வைத்தியத்தில் இல்லாதது.

வீட்டுக்காரர் கோடாரியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூச்சு வந்ததும், மரத்தை எடுக்க வேண்டாம், ஓட்டுக்கு மேலே சாய்ந்திருக்கிற கிளையை மட்டும் மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கழித்துவிடலாம் என்று ரைட்டர் குரலில் அறிவித்தார். அப்படியே அக்கா வாசலுக்கு மேலே இருப்பதையும் கழித்துவிடலாமா என்று கேட்டார்.

"அதத் தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அன்று எங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம். குக்கர் அடங்கியதும் ஒரு பாத்திரத்தில் போட்டு, மேலே நெய் ஊற்றி மூடி, வேலிப் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன். மிளகு துழாவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பழம் இல்லீங்க அக்கா. சோறுதான்…" என்று இழுத்தேன்.

வேலிக்கு மேலே கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கினார். மூடியைத் திறந்து வாசம் பிடித்தார்.

"இதக் குடுக்கறதுக்கு மரம் காய்க்கோணுமா கண்ணு?" என்றார்.