மஜீத் பாய் பேசி முடித்த பேரம்

துருகம் சாலையில் என் உரக்கடைக்கு அடுத்தது மஜீத் பாயின் ஜவுளிக்கடை. ஜவுளி என்றால் பட்டுப்புடவை எல்லாம் இல்லை. கைலி, துண்டு, போர்வை, கம்பளி. வாரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைச் சந்தைக்குப் போவார். மலையில் குளிர் உண்டு, பாய்க்கு வாய் உண்டு. வியாபாரம் நடக்காமல் என்ன செய்யும்?

அந்த வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேரம் பேசாமல் பாய் எதையும் வாங்கியதில்லை. விலை அச்சடித்த தீப்பெட்டிக்கும் பேசுவார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் ஐந்நூறு கேட்க, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே நான்கு விரலைக் காட்டிய மனிதர். துணைக்குப் போன எனக்குத்தான் மானம் போயிற்று. கையில் காசு இல்லாமல் அப்படிச் செய்பவர் அல்ல. சொன்ன விலையை அப்படியே கொடுத்தால் ஏமாந்துவிட்டதாக அன்றிரவு தூக்கம் வராது அவருக்கு.

அவர் வாழ்நாளில் பெரிய வெற்றி அந்தச் சரக்கு ஆட்டோவின் கடன். கொரோனாவில் சந்தை மூடிக்கிடந்தபோது தவணை நின்றுபோனது. பிறகு பைனான்ஸ்காரர்கள் கூப்பிட்டு, பாக்கி முப்பத்தெட்டாயிரம் என்றார்கள். காலையில் போய் உட்கார்ந்தவர் சாயங்காலம் இருபத்துநாலாயிரத்தில் முடித்துவிட்டு வந்தார். வந்த கையோடு எங்கள் வரிசைக் கடைக்கெல்லாம் டீ.

"பதினாலாயிரம் கம்மி பண்ணிக்கினு வந்துக்கீறேன்ணே! பைனான்ஸ்காரன்கிட்டயே!" என்றார். அப்புறம் நாலு வருஷமாக அந்தக் கதையை எங்களுக்கு ஓயாமல் சொன்னார். எனக்கு மனப்பாடம்.

இந்த வருஷம் அவர் மகள் அப்ரினுக்கு விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் பார்மசி படிக்க இடம் கிடைத்தது. எட்டாவதிலிருந்து அந்தப் பெண் ஆசைப்பட்ட படிப்பு. மாதக் கடைசிக்குள் பணம் கட்டியாக வேண்டும். படிப்புக் கடனுக்கு அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மூவரும் வங்கிக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். பாய் எங்கே போனாலும் சாட்சிக்கு நான் வேண்டும்.

மேலாளர் மணிமொழி கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க சிபில் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டினதுக்குப் போடற மார்க், ரொம்பக் கம்மியா இருக்குங்க பாய். அறுநூத்திப் பத்துதான் காட்டுது. எழுநூறுக்கு மேல இருந்தா தைரியமா அனுப்பலாம்."

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மேடம், ஒங்களுக்கும் வேணாம், எங்களுக்கும் வேணாம். அறுநூத்தி அறுபது போட்டு அனுப்பி வுடுங்க."

அப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது நான் போடற மார்க் இல்லைங்க. ரிப்போர்ட்ட எடுத்து, எங்க அடி வாங்கியிருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

பாய் நேராகப் பேருந்து நிலையத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். ரிப்போர்ட் எடுத்துத் தர ஐந்நூறு என்றான் அங்கிருந்தவன். முந்நூறுக்கு முடித்துவிட்டு, பான் கார்டு எடுக்க வீட்டுக்கு வந்தார். முகத்தில் வெற்றிக் களை.

"அத்தா, இதுக்குக் காசே வேணாம்" என்றாள் அப்ரின், போனை நீட்டியபடி.

"சும்மா குடுக்கறவன் இன்னாத்தையோ புடுங்கிக்கப் போறான்."

"ஸ்கோர் கம்பெனி நாலு இருக்குத்தா. வருஷத்துக்கு ஒருக்கா முழு ரிப்போர்ட்ட ஒவ்வொருத்தரும் இலவசமாக் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் ரூல். அவுங்க சொந்த வெப்சைட்டுக்கே போய்ப் பாக்கணும், நடுவுல யாரும் வேணாம்."

"பாத்தா ஸ்கோர் எறங்கிடும்னு சென்டர்காரன் சொன்னானே?"

"நம்மளுத நாமளே பாத்தா எறங்காது. கடன் கேட்டு பேங்க் பேங்கா அலைஞ்சாதான் எறங்கும்."

பாய்க்கு வருத்தம்தான். இலவசத்தில் எதைக் குறைத்துக் கேட்பது? பான் எண்ணைச் சொன்னார். போனுக்கு வந்த ஓடிபியை மட்டும் மகளிடம்கூடச் சொல்லாமல், திரும்பி நின்று தானே தட்டினார். டீ ஆறுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது.

கடை வாடகை, கரண்ட் பில் எதுவும் அதில் இல்லை. இருந்தது ஒரே கடன், அந்தச் சரக்கு ஆட்டோ. 'முழுதாகக் கட்டவில்லை, பாதியில் பேசித் தீர்த்தது' என்ற பொருளில் ஒரு குறிப்பு. பக்கத்தில் கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுத்த தொகை, பதினாலாயிரம்.

"அது என் சாமர்த்தியமாச்சே!" என்றார் பாய்.

"அதத்தான் கெட்ட பேரா எழுதி வெச்சுக்கீறாங்க அத்தா."

உள்ளே இருந்து அவர் மனைவி பாத்திமுத்துவின் குரல் வந்தது. "நல்லாக் கேட்டுக்கோங்க. ஊருக்கே டீ வாங்கிக் குடுத்தீங்களே!"

அப்ரின் போனை அணைத்துவிட்டு, "வுடுங்கத்தா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மேலாளரிடம் ஓடினோம். விட்டுப்போன தொகையை முழுதாகக் கட்டி, கடன் முடிந்ததற்குக் கடிதம் வாங்கி வந்தால், அதை மனுவோடு சேர்த்துத் தானே பரிந்துரை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் கடிதம் இருந்தால் மேலே பேசலாம் என்றார். பாய் கடைக்குத் திரும்பி, பதினாலாயிரத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார்.

பைனான்ஸ் அலுவலகத்தில், அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பாயிடம் மாட்டிக்கொண்ட அதே தமிழழகன் உட்கார்ந்திருந்தான். பாயைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. முழுநாளும் போயிற்று என்று நினைத்திருப்பான். விஷயத்தைச் சொன்னதும் அவசரமாகக் கால்குலேட்டரைத் தட்டினான்.

"பாய், நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ரெண்டாயிரம் கொறைச்சுட்டேன். பன்னெண்டாயிரம் கட்டுங்க, கெளம்புங்க."

மஜீத் பாய் எழுந்து நின்றுவிட்டார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கொறைக்காத தம்பி! ஒங்காலப் புடிச்சுக் கேக்கறேன், ஒரு ரூபாகூடக் கொறைக்காத! எம் பொண்ணு படிக்கணும்!"