தகடு கொடுக்காத மாப்பிள்ளை

தங்கை புருஷனோடு ஒரே தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கும் கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது. தண்ணீர் பம்பை இயக்கும் பம்ப்காரருக்கு வந்தது. வீட்டில் தங்கை புருஷன் மாப்பிள்ளை. ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாது. நிலையத்தில் இவரைவிட இளையவர். ஆனால் பேச்சைக் கேட்டால் நெருப்பைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று தோன்றும். கூட வேலை செய்பவர்கள் 'புலி' என்று கிண்டலுக்குப் பெயர் வைத்தார்கள். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மனிதரை என்ன செய்ய? பையன் தைரியசாலி என்று அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் பம்ப்காரரேதான். யாரைக் குறை சொல்வது?

பம்ப்காரர் வாயில்லாப் பூச்சி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வண்டிக்குப் பின்னால் மீட்டரைப் பார்த்தபடி நிற்பதுதான் அவர் உத்தியோகம். புகைக்குள் நுழைகிறவர்கள் கழுத்தில் கிடக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டுவார். வெளியே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலகையில் தகடு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை பெரிய குழாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கிளம்பும் நீராவியில் உள்ளே இருப்பவர் வெந்தே போவார். குழந்தைக்குக்கூடப் புரிகிற சமாச்சாரம்.

புலிக்குப் புரியாது. "என்னைத் தேட ஒரு தகடு வேணுமா மச்சான்?" என்பார்.

"மாப்ள, கையெடுத்துக் கும்பிடுறேன், குடுத்துட்டுப் போங்க."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

அன்று ஒரு மெத்தைக் கிடங்கு பற்றி எரிந்தது. தகடு கொடுத்துவிட்டு உள்ளே போன இருவரும் இருமிக்கொண்டே வெளியே வந்து தகடுகளை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி பலகையைப் பார்த்தார். காலி.

"எல்லாரும் வந்தாச்சு. பெரிய குழாயைத் திறங்க!"

பம்ப்காரர் வால்வில் கை வைத்தார். மனசில் என்னவோ இடித்தது. எங்கே தீப்பிடித்தாலும் கூட்டத்தைப் பார்த்து, "தள்ளுங்க, நாங்க எதுக்கு இருக்கோம்!" என்று ஒரு குரல் கத்திக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன குரல். இன்று அதைக் காணோம்.

"சார், மாப்பிள்ளையைக் காணோம்."

"போர்டு காலியா இருக்குல்ல? திறய்யா!"

"இல்ல சார், உள்ளதான் இருக்காரு."

"அப்ப தகடு எங்க?"

"அந்தப் பாவி குடுக்கவே மாட்டான் சார்!" மாப்பிள்ளையை அவர் மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ தாவப் பார்த்தது. வேலையே போய்விடும் என்று அதிகாரி கத்தினார். பம்ப்காரர் இரண்டு கையாலும் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கை புருஷனைப் பரம்பரையோடு சேர்த்து மனசுக்குள் திட்டினார். அவர் உள்ளே இல்லாமல் எங்காவது டீ குடித்துக்கொண்டிருந்தால்? பக்கத்துக் கட்டடம் எரிந்த பழி இவர் தலையில்தான் விடியும்.

அப்போதுதான் பின்வாசல் வழியாக, மேலெல்லாம் கரியோடு வந்தது புலி. வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர் மாதிரி நிதானமாக முகமூடியைக் கழற்றினார்.

"உள்ள யாரும் இல்ல, நான் பாத்துட்டேன். என்ன மச்சான், இன்னுமா திறக்கல? தூங்கிட்டீங்களா?"

பம்ப்காரர் வால்வைத் திருகினார்.

தீ அடங்கியபின் அதிகாரி புலியிடம், "காலையில என் ரூமுக்கு வா" என்று மட்டும் சொன்னார். புலி மச்சானின் தோளைத் தட்டி, "பாராட்டப் போறாரு போல" என்றார். அட கடவுளே, எங்கே போய் முட்டிக்கொள்வது!

சாயங்காலம் தங்கை வீட்டில் சாப்பாடு. புகையாம், இருட்டாம், தன்னந்தனியாக இவராம். புலி அளந்த கதையில் தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"இவரு உள்ள உயிரைக் குடுத்து வேலை பாக்கிறப்ப நீ வெளிய என்னண்ணே பண்ணிட்டிருந்த?"

"ஒண்ணுமில்லம்மா. போர்டு காலியா இருக்கு, வால்வைத் திறன்னு சார் சொன்னாரு. திறக்காம நின்னேன்."

அவளுக்கு விளங்கவில்லை, இன்னொரு கரண்டி போட்டாள். வாய்க்குப் போன புலியின் கை பாதியில் நின்றது.

"எப்ப மச்சான்?"

"நீங்க உள்ள இருந்தப்பதான் மாப்ள. சாப்பிடுங்க."