நேற்றைய பொழுதை மட்டும்

பத்தொன்பது ஆண்டுகளாக வீடு வீடாகப் படியேறிய அந்த அம்மாளைத் தெருவார் ‘கணக்கெடுப்புக்காரம்மா’ என்றே அழைத்தனர். முன்பெல்லாம் கழிப்பறை உண்டா, கோழிகள் எத்தனை என்று கேட்டு எழுதியவர், இவ்வாண்டு மக்களின் மனநிலையைக் கேட்டு எழுதினார். கேள்விகளை அச்சிட்டபடியே படிக்க வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது. தம் வீட்டாரிடம் கேட்கவே கூடாது. அவருக்கு அவை விதிகள் அல்ல, வேதம்.

“நேத்து சிரிச்சீங்களான்னா கேக்குறீங்க? மாமியார் ஊருக்குப் போயிட்டாங்கக்கா! வாய் வலிக்கச் சிரிச்சேன்,” என்றாள் அடுத்த தெருக்காரி ஒருத்தி. அம்மாள் முகம் மாறாமல் ‘ஆம்’ என்று குறித்தார்.

ஊரார் மனத்தை அளந்தவருக்குத் தம் வீட்டில் ஓர் அறை மட்டும் திறக்கவில்லை. குழந்தை இறந்தே பிறந்தபின் தாய்வீடு வந்த மகள், நான்கு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். “என்னடி கண்ணு பண்ணுது?” என்றால், “ஒண்ணுமில்லம்மா.” கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். குழந்தைப் பேச்சை எடுக்காதீர்கள் என்று வீட்டாரை அடக்கி வைத்தவரும் அம்மாள்தான். இப்போது இரண்டு நாளாகச் சோற்றுத் தட்டு தொடப்படாமல் திரும்பியது.

கெஞ்சி ஓய்ந்தவர், அன்று மாலை வேறு போக்கின்றிப் படிவத்துடன் கதவருகே தரையில் அமர்ந்தார். அயலாரிடம் பேசும் குரலில் படித்தார்.

“நேற்றைய பொழுதை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள். நன்றாக ஓய்வெடுத்தீர்களா?”

பேனா முனையைக் கட்டத்தின்மேல் வைத்தார். பிறகு உள்ளிருந்து, “இல்லீங்க.”

அம்மாள் ‘இல்லை’ என்று குறித்தார். மகள் பேசினாள், தாயிடம் அல்ல, படிவத்திடம்.

“சிரித்தீர்களா?”

“இல்லீங்க.”

“பெரும்பாலான நேரம் துயரமாக இருந்தீர்களா?”

“நேத்துன்னா எதுங்க? எனக்கு எல்லாம் அந்த ஒரு நாள்தான்.”

“வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?”

“பூச்சியத்துக்குக் கீழ ஏதாவது இருக்கா?”

பதினொரு வீடுகளில் பூச்சியத்தைக் குறித்துவிட்டு, நன்றி கூறி எழுந்தவர் அவர். இங்கிருந்து எழுந்து எந்த வீட்டுக்குப் போவது?

படிவம் முடிந்துவிட்டது. மௌனம் திரும்பிவிடுமோ என்ற அச்சத்தில், அச்சில் இல்லாத ஒரு கேள்வியை அதே குரலில் படித்தார்.

“குழந்தை யாருடைய சாயலில் இருந்தது?”

கட்டில் கிறீச்சிட்டது. காலடி ஓசை கதவுவரை வந்து நின்றது.

“உன் மூக்கும்மா,” என்று உடைந்தது குரல். “அப்படியே உன் மூக்கு.”

தாழ்ப்பாள் அசையவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, படிவத்தின் வெற்றுப் பின்பக்கத்தில் விரலை ஓட்டி, அம்மாள் அடுத்த கேள்வியைத் தேடினார்.